கடற்கரை ஊரில் பழைய வானொலி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலே, குளச்சலுக்கு அருகில் அமைந்துள்ள ஊர் மண்டைக்காடு. மாசித் திங்களில் நடைபெறும் பகவதி அம்மன் கோயிற் கொடையினால் தமிழகத்திலும் கேரளத்திலும் பெயர் பெற்றது. ஒரு புறம் தென்னந்தோப்புகளும் மறு புறம் அரபிக்கடலும் சூழ்ந்த இவ்வூரை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய வானொலிப் பெட்டி ஒன்றில் மத்திய அலை நிலையங்களைத் தெளிவாகக் கேட்பது எவ்வாறு என்பதே நம் பொருள். வானொலி அலைகளுக்கு உதவி செய்யும் இயற்கையும் அவற்றுக்கு இடையூறு செய்யும் இயற்கையும் ஒருங்கே அமைந்த இடம் இத்தகைய கடற்கரை ஊர். ஆதலின், இங்கே கற்றுக்கொள்வது எங்கும் பயன்படும்.

கைப்பேசியும் தொலைக்காட்சியும் வந்த பிறகு இந்தப் பழைய பெட்டி எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் நிகழ்ந்ததை நினைத்துப் பாருங்கள். 29ஆம் நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் நாள் முற்பகலிலேயே ஒக்கிப் புயலாக வலுப்பெற்றுக் குமரிமுனைக்கு அருகே கடந்து சென்றது. பல நாள் தொழிலுக்காக ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்து மீனவர் பலருக்கு அச்செய்தி எட்டவில்லை. எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை. கைப்பேசிக் கோபுரத்தின் அலை கரையிலிருந்து சில மைல் தொலைவிலேயே மெலிந்துவிடும். பண்பலை ஒலிபரப்பும் ஏறத்தாழப் பார்வை எட்டும் தொலைவு வரையே செல்லும். மத்திய அலையோ கடலின் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் படர்ந்து செல்ல வல்லது. இக்காலத்தில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டு வருகின்றன, அது நல்லதே. எனினும், இரண்டு மின்கலங்களில் இயங்கும் ஓர் எளிய பெட்டியை நல்ல நிலையில் வைத்திருக்கத் தெரிவது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது இதனால் விளங்கும்.

முதலில் அலைகளின் இயல்பைக் காண்போம். நம் நாட்டில் மத்திய அலை வரிசை 531 கிலோஹெர்ட்ஸ் முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை பரவியுள்ளது. பகலில் இவ்வலைகள் நிலத்தை ஒட்டியே ஊர்ந்து செல்கின்றன. அவை செல்லும் தரை மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவு தொலைவு அவை தளராமல் செல்லும். உலர்ந்த மணலையும் பாறையையும் விடக் கடல்நீர் ஆயிரம் மடங்குக்கு மேல் மின்கடத்தும் திறன் உடையது. ஆகவே, கடல்வழி வரும் அலைக்குக் கடல் ஓர் இராசபாட்டை எனலாம். மலையும் பாறையும் நிறைந்த நிலத்தின் மீது வரும் அலையோ வழியிலேயே களைத்துப்போகிறது.

மண்டைக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வடமேற்கே சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழக் கடற்கரை ஓரமாகவே இருக்கிறது. திருநெல்வேலி வடகிழக்கே 80 கிலோமீட்டர் அளவில் இருப்பினும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி நிற்கிறது. திருச்சிராப்பள்ளி 330 கிலோமீட்டர். சென்னை 630 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு 310 கிலோமீட்டர் தொலைவுதான். அதிலும் வழியின் பெரும்பகுதி கடல். தலைநகரத்தை விட அயல்நாட்டு நகரம் ஒன்று நமக்கு வானொலியில் நெருக்கமாக இருந்ததன் காரணம் இப்போது புரிகிறதன்றோ? தென்பாண்டிக் கடற்கரையில் ஒரு தலைமுறை இலங்கை வானொலியை அவ்வளவு தெளிவாகக் கேட்டு வளர்ந்ததற்குப் புவியியலும் ஒரு துணை.

இரவில் நிலைமை மாறுகிறது. பகலில் சூரிய ஒளியினால் வானத்தில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு உண்டாகிறது. மேல்நோக்கிச் செல்லும் மத்திய அலைகளை அது விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துபோகிறது. அதற்கும் மேலே உள்ள அடுக்குகள் அலையைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் பகலில் கேளாத சென்னை இரவில் கேட்கிறது. அயன மண்டலம் எனப்படும் இவ்வடுக்குகள் உண்டு என்று 1902இல் கென்னெலியும் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தனர். 1924 திசம்பரில் இங்கிலாந்தில் ஆப்பிள்டன், பார்னெட் என்னும் இருவர், போர்ன்மத் வானொலி நிலையத்தின் அலையை ஆக்ஸ்போர்டில் பெற்று, அதன் ஒலி கூடுவதையும் குறைவதையும் அளந்து, அந்த ஊகத்தை மெய்ப்பித்தனர். ஆப்பிள்டனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் எரிச்சலோடு பெட்டியைத் தட்டுவதற்குக் காரணமான அந்த ஒலித் தேய்வே அறிவியலாருக்கு வானத்தை அளக்கும் கோலாயிற்று!

நம் கரைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் ஊரிலிருந்து 1963 நவம்பர் 21இல் முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூருக்கு அருகே சென்றதால், மேல்வளியையும் அதில் ஓடும் மின்னோட்டத்தையும் ஆராய அவ்விடம் பொருத்தமாயிற்று.

இனிப் பெட்டிக்கு வருவோம். பழைய வானொலி சரியாகக் கேட்கவில்லையென்றால் உடனே அதன் உள்ளே உள்ள திருகுகளைத் திருப்ப முற்படுவோர் பலர். அது நோயாளியின் நாடியைப் பாராமலே கத்தியை எடுப்பது போன்றது. வெளியிலிருந்து தொடங்கி உள்ளே செல்லுதலே முறை.

முதலாவது, நாம் தேடும் நிலையம் இன்றும் அந்த அலையில் ஒலிக்கிறதா என்று அறிதல் வேண்டும். உலகெங்கும் அண்மை ஆண்டுகளில் மத்திய அலைப் பரப்பிகள் பல நிறுத்தப்பட்டுள்ளன. நம் நாட்டிலும் அவ்வாறே. நாகர்கோவிலில் 1984இல் தொடங்கிய உள்ளூர் நிலையம் பண்பலையைச் சேர்ந்தது. பண்பலை இல்லாத பழைய பெட்டியில் அது கேளாது. இன்னொன்றும் உண்டு. 1978 நவம்பர் 23 முதல் நம் பகுதியில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசைப்படுத்தப்பட்டன. அதற்கு முற்பட்ட பெட்டிகளின் முகத்தட்டில் அச்சிட்ட இடத்தில் நிலையம் இராது; சற்றுத் தள்ளி இருக்கும். முகத்தட்டில் மீட்டர்க் கணக்கு இருந்தால் 3,00,000 என்ற எண்ணைக் கிலோஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்துக்கொள்க. 720 கிலோஹெர்ட்ஸ் ஏறத்தாழ 417 மீட்டர்; 1197 கிலோஹெர்ட்ஸ் ஏறத்தாழ 251 மீட்டர்.

இரண்டாவது, இரைச்சலின் மூலத்தைத் தேடுதல். முன்னாளில் இரைச்சல் பெரும்பாலும் மின்னலிலிருந்து வந்தது. இந்நாளில் அது நம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. கைப்பேசி மின்னேற்றி, எல்.இ.டி. விளக்கு, தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முதலியவை மத்திய அலை வரிசை முழுவதிலும் 'கர்'ரென்ற ஒலியை வாரி இறைக்கின்றன. மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டின் மின்சாரத்தைத் தலைமைச் சுவிட்சில் பெரியவர் ஒருவரைக் கொண்டு நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டில்தான் இருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகச் சுவிட்சைப் போட்டுக்கொண்டே வந்தால் அவன் அகப்படுவான். அடங்காவிட்டால், பெட்டியை ஏந்தித் தோப்புப் பக்கமோ கடற்கரைக்கோ நடந்து செல்லுங்கள். மின்கம்பிகளை விட்டு நூறு அடி விலகினாலே காது வியக்கும் மாறுதலைக் காணலாம். கொடை நாட்களில் தொடர் விளக்குகள் எரியும் தெருவில் நின்று தொலைதூர நிலையத்தைத் தேடுவது வீண்வேலை.

மூன்றாவது, பெட்டியைத் திருப்பி வைத்தல். டிரான்சிஸ்டர் பெட்டிகளின் உள்ளே விரல் பருமனில் ஒரு கரிய தண்டு இருக்கும். அது ஃபெரைட் தண்டு. அதன்மேல் சுற்றிய காயிலே ஏரியலாகப் பணிபுரிகிறது. அத்தண்டின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கி இருந்தால் ஒலி மிகும். நுனி நிலையத்தை நோக்கினால் ஒலி மிகவும் குறையும். இதில் குறையும் இடமே கூர்மையானது. அதுவே பெரும் பயன் தருவது. மண்டைக்காட்டையே பாருங்கள். 1161 கிலோஹெர்ட்ஸ் திருவனந்தபுரத்துக்கு உரியது; 1197 திருநெல்வேலிக்கு உரியது. அண்மையில் உள்ள திருவனந்தபுரத்தின் வலிய அலை, அலைகளைப் பிரிக்கும் ஆற்றல் குறைந்த பழைய பெட்டியில் அடுத்த வீட்டுக்குள்ளும் புகுந்துவிடும். ஆனால், ஒன்று வடமேற்கு, மற்றொன்று வடகிழக்கு, இரண்டுக்கும் இடையே ஏறத்தாழச் செங்கோணம்! தண்டின் நுனியை வடமேற்கே காட்டினால் திருவனந்தபுரம் அமுங்கும்; அதே நிலையில் தண்டின் பக்கவாட்டு திருநெல்வேலியை நோக்கியிருப்பதால் அது ஓங்கும். காசு செலவின்றிக் கிடைக்கும் திருத்தம் இது. வீட்டிலுள்ள இரைச்சல் மூலம் ஒன்றையும் இவ்வாறே நுனியைக் காட்டி அடக்கலாம்.

நான்காவது, ஏரியலும் எர்த்தும். வால்வுப் பெட்டிகளுக்கு வெளி ஏரியல் இன்றியமையாதது. ஐம்பது அறுபது அடி நீளமுள்ள செப்புக் கம்பியை, இருபத்தைந்து அடிக்குக் குறையாத உயரத்தில், இரு முனையிலும் பீங்கான் தடுப்பு இட்டுக் கட்டுதல் வேண்டும். தென்னை மரத்தில் கட்டுவோர் ஒன்றை மறக்கலாகாது. தென்மேற்குப் பருவக் காற்றில் மரம் ஆடும், கம்பி அறுந்துபோகும். ஒரு முனையில் கப்பி வைத்து, கயிற்றின் நுனியில் கல் ஒன்றைத் தொங்கவிட்டால் மரத்தின் ஆட்டத்தைக் கல் ஏற்றுக்கொள்ளும். மின்சாரக் கம்பிகளுக்கு மேலோ கீழோ அண்மையிலோ ஏரியல் கட்டவே கூடாது. அறுந்து விழுந்தால் உயிருக்கே கேடு.

எர்த்துக்குக் கடற்கரை மணல் ஏமாற்றும் இயல்புடையது. கடல் அருகே இருப்பதால் எல்லாம் ஈரம் என்று எண்ணுகிறோம். மேல்மணலோ உலர்ந்து, மின்சாரத்தைக் கடத்தாமல் கிடக்கிறது. கிணற்றடியிலோ நீர் வழிந்தோடும் இடத்திலோ ஈரமண் எட்டும் ஆழம் வரை செப்புத் தண்டை இறக்குவதே பயன் தரும். இரும்புத் தண்டு உப்பினால் சில ஆண்டுகளில் துருவாகிவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பழைய வால்வுப் பெட்டிகளில் ஏ.சி., டி.சி. ஆகிய இரண்டிலும் இயங்கும் வகை உண்டு. அதில் மின்மாற்றி இல்லை; உலோக அடித்தட்டே மின்சாரத்தோடு நேராகத் தொடர்பு கொண்டிருக்கும். அத்தகைய பெட்டியின் அடித்தட்டில் எர்த் கம்பியை இணைப்பதும், குமிழ் கழன்ற தண்டைத் தொடுவதும் ஆபத்து. எவ்வகை என்று ஐயமிருப்பின், அறிந்தவர் பார்க்கும் வரை தொடாதிருப்பதே அறிவு. இரண்டாவது, இடி மின்னல். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் கோடை மழைக் காலத்திலும் வானம் இருளத் தொடங்கும்போதே ஏரியலைப் பெட்டியிலிருந்து விடுவித்து எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். மின்னல் தொடங்கிய பின் அருகே செல்லலாகாது.

வெளி ஏரியல் கட்ட வசதியற்றோர்க்குச் சட்ட ஏரியல் என்று ஒன்று உண்டு. இரண்டடிப் பக்கமுள்ள சதுர மரச்சட்டம் ஒன்று செய்து, அதன்மேல் கால் அங்குல இடைவெளியில் பதினொன்று அல்லது பன்னிரண்டு சுற்று உறையிட்ட கம்பியைச் சுற்றி, இரு முனைகளையும் பழைய வானொலியிலிருந்து எடுத்த 500 பைக்கோபாரட் மாறு கண்டென்சர் ஒன்றில் இணைத்தல் வேண்டும். பெட்டிக்கும் சட்டத்துக்கும் கம்பித் தொடர்பு தேவையில்லை. சட்டத்தை டிரான்சிஸ்டர் பெட்டியின் அருகே நிறுத்தி, பெட்டியில் மெலிந்த நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு, கண்டென்சரை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஒலி திடீரென ஓங்கும். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கியிருக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்க. கல்லூரி அறிவியல் மன்றத்து மாணவர்கள் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கத்தக்க கருவி இது. ஒத்ததிர்வு என்று பாடநூலில் படித்ததைக் காதாலேயே கேட்டறியலாம்.

இனி நெட்டலை. ஐரோப்பாவில் செய்த பழைய பெட்டிகள் சிலவற்றில் மத்திய அலையோடு நெட்டலை வரிசையும் இருக்கும். முகத்தட்டில் டிராய்ட்விச், லக்செம்பர்க் முதலிய பெயர்கள் பொன்னெழுத்தில் ஒளிரும். ஏறத்தாழ 150 முதல் 280 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள இவ்வரிசை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட ஆசியா ஆகிய பகுதிகளில் மட்டுமே ஒலிபரப்புக்கு ஒதுக்கப்பட்டது, இந்தியாவில் அன்று. அங்கும் செருமனி 2014இன் இறுதியிலும், பிரான்சு அரசு வானொலி 2016இன் இறுதியிலும், அயர்லாந்து 2023இலும் நெட்டலையை நிறுத்திவிட்டன. ஆகவே மண்டைக்காட்டில் நெட்டலைக் குமிழைத் திருப்புவோர்க்கு, வானூர்திகளுக்கு வழிகாட்டும் நிலையங்களின் மார்ஸ் எழுத்துகள் எங்கேனும் கேட்கலாமேயன்றி வேறில்லை.

ஆனால் சில வேளைகளில் ஒரு விந்தை நிகழும். நெட்டலையில் 251 என்ற இடத்தில் மலையாள நிகழ்ச்சி ஒன்று கேட்கக்கூடும்! திருவனந்தபுரம் நெட்டலையிலும் ஒலிபரப்புகிறதோ என்று மயங்க வேண்டா. பெரும்பாலான பெட்டிகள், வரும் அலையோடு தாமே உண்டாக்கும் வேறோர் அலையைக் கலந்து, இரண்டின் வேறுபாடாகிய 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அலையைப் பெற்று, அதனையே பெருக்குகின்றன. முள்ளை 251இல் வைத்தால் பெட்டி உண்டாக்கும் அலை 706. 706க்கும் 251க்கும் உள்ள வேறுபாடு 455. 1161க்கும் 706க்கும் உள்ள வேறுபாடும் அதே 455! ஆதலின் வலிமை மிக்க 1161 அந்த வாயில் வழியே புகுந்துவிடுகிறது. இதனைப் பிம்ப அலை என்பர். 1197 நிலையத்தின் பிம்பம் 287இல் தோன்றும். இடைநிலை அலை 470 என்று அமைந்த பெட்டியானால் 1161இன் பிம்பம் 221இல் வரும். பிம்பம் இவ்வாறு தோன்றினால், ஏரியல் மிக நீண்டுவிட்டது என்றோ, முன்பகுதிச் சுற்றின் இசைவு தவறிவிட்டது என்றோ கொள்ளலாம். ஏரியலைக் குறைத்தோ, ஏரியல் கம்பியின் வழியில் 1161க்கு இசைத்த காயிலும் கண்டென்சரும் சேர்ந்த பொறி ஒன்றை வைத்தோ அதனை விலக்கலாம்.

இறுதியாகப் பெட்டியின் உள்ளே செல்வோம். கடற்காற்றின் உப்பு, உலோகத்தின் பகைவன். அலை மாற்றும் சுவிட்சின் தொடுமுனைகள் கறுத்து, குமிழைத் தொட்டால் கரகரக்கும். அதனை உப்புத்தாளால் தேய்த்தால் முனையின் மேற்பூச்சே போய்விடும்; தூய ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தூரிகையே போதும். மாறு கண்டென்சரின் தகடுகளிடையே படிந்த தூசியையும் மென்மையாக நீக்க வேண்டும். 'ம்ம்' என்ற தொடர் முரலொலி இருந்தால் மின்வடிகட்டும் கண்டென்சர் வறண்டுவிட்டது என்று பொருள். ஆனால் வால்வுப் பெட்டியினுள் நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தம் உண்டு. இணைப்பை எடுத்த பின்னும் கண்டென்சர்களில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். அவ்வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். அவர் அருகே இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இசைவுத் திருகுகள் கடைசியில் வர வேண்டியவை. டிரான்சிஸ்டர் பெட்டியில் முதலில் ஒவ்வொரு திருகின் நிலையையும் குறித்துக்கொள்க. அலைவரிசையின் தாழ்ந்த முனையில் மெலிந்த நிலையம் ஒன்றை வைத்து ஃபெரைட் தண்டின் மேலுள்ள காயிலை மயிரிழை நகர்த்தியும், உயர்ந்த முனையில் மற்றொன்றை வைத்து டிரிம்மரைச் சிறிதே திருப்பியும் ஒலி மிகும் இடத்தைக் காண்க. ஒன்று மற்றொன்றைப் பாதிக்குமாதலால் இருமுறை மும்முறை மாறி மாறிச் செய்தல் வேண்டும். இடைநிலை அலைத் திருகுகளை உரிய கருவி இல்லாமல் தொட வேண்டா.

நிலையம், இரைச்சல், திசை, ஏரியல், எர்த், அதன் பின்னரே பெட்டி என்னும் இவ்வரிசையை நினைவில் கொள்வோர் பெரும்பாலும் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே எழாது. கடலுக்குச் செல்வோர் உள்ள வீடானால் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய மின்கலங்களை ஈரம் புகாத உறையில் தனியே வைத்தல், பழைய மின்கலங்களைப் பெட்டிக்குள் விட்டுக் கசிய விடாதிருத்தல், புறப்படுமுன் வானிலை அறிவிப்பு வரும் அலையையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டுதல் ஆகியவற்றை மாணவர் ஒருவர் தம் தந்தைக்கோ மாமனுக்கோ செய்து தரலாம். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. சிறிது கவனமே வேண்டும்.